ஒன்பது ராத்திரி ஊறிய பூண்டு என்ன செய்தது தெரியுமா?

கண்கட்டிக்கு ஆயிரம் வருடத்துக்கு முன்னால் எழுதிவைத்த ஒரு மருந்து, இன்றைய பெரிய ஆஸ்பத்திரிகளையே திணறடிக்கும் எம்ஆர்எஸ்ஏ என்ற கிருமியைக் கொன்றிருக்கிறது தெரியுமா?

லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் பத்தாம் நூற்றாண்டுக் கையெழுத்துச் சுவடி ஒன்று இருக்கிறது. 'பால்டின் மருத்துவ நூல்' என்று அதைச் சொல்கிறார்கள். இன்றைய ஆங்கிலேயருக்கே படித்தால் புரியாத பழைய ஆங்கிலம். அதில் கண்கட்டிக்கு ஒரு செய்முறை. பூண்டும், வெங்காயம் அல்லது லீக்ஸும் சம அளவு எடுத்து நன்றாக இடிக்க வேண்டும். திராட்சை மதுவும் மாட்டின் பித்தநீரும் சேர்க்க வேண்டும். பித்தளைப் பாத்திரத்தில் ஊற்றி ஒன்பது இரவு அப்படியே விட வேண்டும். பிறகு துணியில் பிழிந்து வடித்து, இறகால் தொட்டு இமையில் தடவ வேண்டும்.

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் பழைய ஆங்கிலம் படிப்பிக்கும் கிறிஸ்டினா லீயும், நுண்ணுயிரியலாளர் ஃப்ரேயா ஹாரிசனும் கைகோத்தார்கள். ஒருவர் சுவடியைப் படித்துச் சொல்ல, இன்னொருவர் எடை போட்டு இடித்தார். சுவடி ஒன்பது இரவு என்றால் இவர்களும் ஒன்பது இரவு காத்திருந்தார்கள். பித்தளைப் பாத்திரத்தைக் கிருமி நீக்கம் செய்வது சிரமம் என்பதால் கண்ணாடிக் குப்பியில் பித்தளைத் துண்டைப் போட்டார்கள். சரக்கு ஒவ்வொன்றையும் விட்டுவிட்டும் ஒரு முறை செய்து பார்த்தார்கள். 2015ல் முடிவு வெளியானது. அமெரிக்காவின் டெக்சாஸில் நடந்த சோதனையில், எம்ஆர்எஸ்ஏ தொற்றிய எலிகளின் புண்ணிலிருந்து எடுத்த தசையில் இந்தச் சாற்றை விட்டால் சுமார் 90 சதவீதக் கிருமி செத்துப்போனது!

அதைவிட ஆச்சரியம் 2020ல் வந்தது. கிருமிகள் தனித்தனியாக மிதக்கும்போது பூண்டிலுள்ள அல்லிசின் மட்டுமே அவற்றைக் கொன்றுவிடும். ஆனால் உடம்பில் அவை பெரும்பாலும் அப்படித் தனியாக இருப்பதில்லை. கூட்டமாகச் சேர்ந்து, தம்மைச் சுற்றிப் பசைப் படலம் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். ஆறாத சர்க்கரைப் புண்ணில் இருப்பது இந்தப் படலம்தான். அதை உடைக்க அல்லிசின் மட்டும் போதவில்லை. பூண்டு, வெங்காயம், மது, பித்தநீர் நான்கும் சேர்ந்தால்தான் உடைந்தது. ஒன்றை எடுத்தாலும் பலன் போனது. பெயர் தெரியாத ஒரு வைத்தியர், கிருமி என்று ஒன்று உண்டு என்பதே உலகத்துக்குத் தெரியாத காலத்தில் இந்தச் சேர்மானத்தைக் கண்டுபிடித்து எழுதிவைத்திருக்கிறார்.

அல்லிசின் முழுப் பூண்டில் கிடையவே கிடையாது, தெரியுமா? பூண்டுப் பல்லுக்குள் அல்லியின் என்ற பொருள் ஓர் அறையிலும், அதை மாற்றும் நொதி இன்னோர் அறையிலும் இருக்கின்றன. இடித்தால்தான் இரண்டும் சந்திக்கும். சந்தித்த நொடியில் காரமும் வாசனையுமாக அல்லிசின் பிறக்கும். 1944ல் கவல்லிட்டோ, பெய்லி என்ற இருவர் இதைப் பிரித்தெடுத்தார்கள். 'தட்டிப் போடு' என்று நம் வீடுகளில் சொல்கிற ஒற்றைச் சொல்லுக்குள் இவ்வளவு வேதியியல்!

பூண்டு ஆய்வு வெளியான அதே 2015ல்தான் மருத்துவ நோபல் பரிசு ஒரு மூலிகைக்குக் கிடைத்தது. சீனத்தின் தூ யூயூவுக்கு. 1967 மே 23 அன்று சீன அரசு மலேரியாவுக்கு மருந்து தேடும் ரகசியத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. தேதியை வைத்தே அதற்கு '523' என்று பெயர். தூ யூயூவின் குழு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பழைய செய்முறைகளைப் புரட்டியது. சுமார் 200 மூலிகைகளிலிருந்து 380 வடிசாறு எடுத்து எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தது. சிங்ஹாவ் என்ற மாசிபத்திரி வகைச் செடி ஒருமுறை கொஞ்சம் பலன் காட்டும், மறுமுறை காட்டாது. ஏன்?

விடை நான்காம் நூற்றாண்டில் கே ஹோங் எழுதிய அவசரகால மருத்துவக் கையேட்டில் இருந்தது. ஒரு கைப்பிடி சிங்ஹாவைத் தண்ணீரில் நனைத்து, பிழிந்து, சாற்றைக் குடிக்கச் சொல்கிறார் கே ஹோங். காய்ச்சச் சொல்லவில்லை! மற்ற மூலிகை எல்லாம் கஷாயமாகக் கொதிக்கும்போது இது மட்டும் ஏன் பச்சையாக? கொதித்தால் மருந்துச் சத்து அழிந்துவிடுகிறதோ என்று தூ யூயூவுக்குப் பொறி தட்டியது. 35 டிகிரியிலேயே கொதிக்கும் ஈதரை எடுத்துக்கொண்டு சூடு படாமல் சத்தைப் பிரித்தார். 1971 அக்டோபர் 4. 191ஆம் எண் மாதிரி. மலேரியா பிடித்த எலிகளின் ரத்தத்தில் கிருமி ஒன்றுகூட மிஞ்சவில்லை. நோயாளிகளுக்குக் கொடுக்குமுன் 1972ல் தூ யூயூவும் சக ஊழியர்களும் தாங்களே விழுங்கிப் பார்த்தார்கள். ஆர்டிமிசினின் இப்படித்தான் பிறந்தது. எத்தனையோ லட்சம் உயிர்கள் அதனால் பிழைத்திருக்கின்றன. தூ யூயூவிடம் டாக்டர் பட்டமும் கிடையாது, மருத்துவப் பட்டமும் கிடையாது!

இந்த இரண்டு கதையிலும் மூலிகையின் பெயர் பாதிதான். மீதிப் பாதி செய்முறை. இடிப்பதா கொதிக்கவைப்பதா, எந்தப் பாத்திரம், எத்தனை இரவு என்பதில்தான் விஷயம் ஒளிந்திருக்கிறது. நாம் அலட்சியமாக விட்டுவிடுவதும் அதைத்தான்.

சரி, ஒரு மூலிகை கிருமியைக் கொல்கிறதா என்று எப்படிப் பார்க்கிறார்கள்? வட்டக் கண்ணாடித் தட்டில் அகார் என்ற கூழை ஊற்றி உறையவைத்து, அதன்மேல் கிருமியைப் பூசுகிறார்கள். நடுவில் சின்னத் துளை போட்டு மூலிகைச் சாற்றை விடுகிறார்கள். ஒரு ராத்திரி கதகதப்பில் வைத்தால் தட்டு முழுக்கக் கிருமி படர்ந்துவிடும். சாற்றைச் சுற்றி மட்டும் தெளிவான வட்டம் விழுந்தால், அங்கே கிருமி வளரவில்லை என்று அர்த்தம்.

அந்த அகார் கூழ் எங்கிருந்து வருகிறது தெரியுமா? கடற்பாசியிலிருந்து! நம் ராமநாதபுரம் கரையோரப் பெண்கள் கடலில் மூழ்கிப் பறிக்கிறார்களே மரிக்கொழுந்துப் பாசி, அதிலிருந்தும் அகார் எடுக்கிறார்கள். கிருமி வளர்க்க அகார் பொருத்தம் என்று முதலில் சொன்னவர் விஞ்ஞானி அல்ல. ஜெர்மனியில் ராபர்ட் காக்கின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த ஹெஸ்ஸே என்பவரின் மனைவி ஃபேனி. 1881ல் வெயிலில் ஜெலட்டின் உருகி எல்லாம் பாழாகிறது என்று கணவர் புலம்ப, பலகாரத்துக்குப் போடும் அகாரை வைத்துப் பாருங்களேன் என்றார். சமையலறையில் இருந்து வந்த அந்த யோசனையில்தான் நுண்ணுயிரியல் இன்றைக்கும் நிற்கிறது.

வட்டம் விழுந்தால் ஜெயித்துவிட்டதா? இல்லை. இதைப் புரிந்துகொள்ளாமல்தான் எத்தனையோ செய்திகள் 'கொல்லைச் செடி கிருமியை ஒழித்தது' என்று தலைப்புப் போடுகின்றன. பிளீச்சிங் தண்ணீர் விட்டாலும் வட்டம் விழும், குடிக்க முடியுமா? சாற்றைக் கரைத்த ஆல்கஹாலே கிருமியைக் கொன்றிருக்கலாம். அதனால் வெறும் ஆல்கஹாலை இன்னொரு துளையில் விட்டு ஒப்பிட்டே ஆக வேண்டும். எண்ணெய்ப் பசையுள்ள சத்து கூழுக்குள் பரவாது, ஆகவே நல்ல மருந்துகூடச் சின்ன வட்டம்தான் காட்டும். வட்டத்தின் அகலத்தை வைத்து இது பெரியது அது சிறியது என்று சொல்வதில் பொருளே இல்லை.

எத்தனை குறைந்த அளவில் கிருமி அடங்குகிறது என்பதுதான் அசல் கேள்வி. அதற்கு 96 குழி உள்ள தட்டு இருக்கிறது. முதல் குழியில் முழு அளவு, அடுத்ததில் பாதி, அதற்கடுத்ததில் அதிலும் பாதி என்று சாற்றைக் குறைத்துக்கொண்டே போவார்கள். கடைசியில் ரெசசூரின் என்ற நீலச் சாயம் ஒரு சொட்டு. கிருமி உயிரோடு இருந்தால் அது மூச்சுவிடும் வேகத்தில் நீலம் இளஞ்சிவப்பாக மாறும். நீலமாகவே நின்றால் அங்கே மருந்து வென்றது. கண்ணால் பார்க்க முடியாத உயிரின் சாவையும் பிழைப்பையும் நிறத்தில் பார்க்கலாம்!

நம் மஞ்சளுக்கு வருவோம். மஞ்சளின் குர்குமின் எந்தச் சோதனையில் போட்டாலும் 'வேலை செய்கிறது' என்றே பதில் வரும். கிருமிக்கும் வரும், புற்றுக்கும் வரும், வீக்கத்துக்கும் வரும். எப்படி? 2017ல் கேத்ரின் நெல்சன் உள்ளிட்ட வேதியியலாளர்கள் விரிவாக அலசிச் சொன்னார்கள். குர்குமின் தானே ஒளிர்கிறது, புரதங்களில் கண்டபடி ஒட்டிக்கொள்கிறது, கரைசலில் நிலைக்காமல் உடைகிறது. இதனால் சோதனைக் கருவியே ஏமாந்துபோகிறது. வாயால் உட்கொண்டால் ரத்தத்தில் சேர்வதும் மிகக் குறைவு. நூற்றுக்கும் மேற்பட்ட மருத்துவச் சோதனைகள் நடந்தும், யார் மருந்து சாப்பிடுகிறார் என்று யாருக்கும் தெரியாத மறைப்பு முறையில் ஒழுங்காக நடத்திய ஒன்றுகூடக் குர்குமினை மருந்தாக நிரூபிக்கவில்லை என்பது அவர்கள் தீர்ப்பு. மஞ்சள்மேல் எனக்கு இருக்கும் பிரியம் இதைப் படித்துக் குறையவில்லை. ஆனால் கடையில் விற்கும் குர்குமின் மாத்திரைமேல் நம்பிக்கை போய்விட்டது.

இதற்கு நேர் எதிரான ஆச்சரியமும் உண்டு. கிருமியைக் கொல்லாமலேயே ஜெயிக்கும் மூலிகை தெரியுமா? அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் தாவரங்களுக்கும் மக்களுக்கும் உள்ள உறவை ஆராய்பவர் கசாண்ட்ரா குவேவ். மூன்று வயதில் கால் எடுக்கப்பட்டு, அந்தப் புண்ணில் ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற கிருமி தொற்றி உயிருக்கே ஆபத்தாகி மீண்டவர். வளர்ந்து அதே கிருமியைத் துரத்தப் புறப்பட்டார்! தெற்கு இத்தாலிக் கிராமங்களில் செஸ்ட்நட் மரத்து இலையைக் கொதிக்கவைத்து, அந்தத் தண்ணீரால் தோல் புண்ணைக் கழுவுவார்கள் என்று நாட்டு வைத்தியர்கள் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். இலைச் சாற்றைத் தட்டில் விட்டால் கிருமி சாகவில்லை. வட்டத்தை மட்டும் பார்ப்பவர் அத்தோடு தூக்கிப் போட்டிருப்பார். குவேவ் விடவில்லை. 2015ல் அவர் குழு கண்டது இது: கிருமிகள் ஒன்றுக்கொன்று ரசாயனச் செய்தி அனுப்பி, போதுமான ஆள் சேர்ந்ததும் ஒரே நேரத்தில் நஞ்சைக் கக்கும். செஸ்ட்நட் சாறு அந்தச் செய்தியை மறித்துவிடுகிறது. கிருமி உயிரோடு இருக்கிறது, நஞ்சு மட்டும் வரவில்லை. கொல்லாததால், எதிர்ப்புச் சக்தி வளர்த்துக்கொள்ளும் நெருக்கடியும் அதற்குக் குறைவு. 2019ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும், மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் நேரடியாக இறந்தவர்கள் உலகில் சுமார் 12.7 லட்சம் பேர். இந்த நேரத்தில் இப்படி ஒரு வழி திறப்பது எவ்வளவு பெரிய விஷயம்!

இன்னொன்று கேளுங்கள். பார்பெரி என்ற செடியிலும், நம் மலைக்காடுகளில் அருகிவரும் மரமஞ்சள் கொடியிலும் பெர்பெரின் என்ற மஞ்சள் பொருள் இருக்கிறது. தனியாக எடுத்தால் ஸ்டாஃபிலோகாக்கஸிடம் அது தோற்றுவிடும். ஓட்டைப் படகில் ஏறும் தண்ணீரை இறைத்துக் கொட்டுவதுபோல, உள்ளே வந்த பெர்பெரினைக் கிருமி ஒரு புரதப் பம்பால் வெளியே தள்ளிவிடுகிறது. 2000ல் ஃபிராங்க் ஸ்டெர்மிட்ஸும் கிம் லூயிஸும் அதே பார்பெரி இலைக்குள் வேறொரு பொருளைக் கண்டார்கள். அது தனியாக ஒரு கிருமியையும் கொல்லாது. அதன் வேலை அந்தப் பம்பை அடைப்பது மட்டும்! பம்பு நின்றதும் பெர்பெரின் உள்ளே தங்கிக் கொல்கிறது. ஆயுதத்தையும் அதற்குத் துணையையும் செடியே சேர்த்துச் செய்துவைத்திருக்கிறது.

பம்பை அடைக்கும் அந்தப் பொருள் முன்பே எதில் கிடைத்தது தெரியுமா? தொழுநோய்க்குப் பூசிவந்த சால்மூக்ரா எண்ணெயில்! அந்த எண்ணெய் தரும் மரத்தின் பேரினத்தைச் சேர்ந்ததுதான் மேற்குத் தொடர்ச்சி மலையின் நீரடிமுத்து. நம் சித்த வைத்தியர்கள் தோல் நோய்க்கும் குட்டத்துக்கும் தலைமுறைகளாக எடுத்தாண்ட அதே நீரடிமுத்து. இந்த எண்ணெயில் ஒரு சிக்கல். குடித்தால் குமட்டும், ஊசியில் ஏற்றினால் தோலுக்கடியில் கட்டிகட்டியாக நிற்கும். அதைத் தீர்த்தவர் ஹவாயில் வேதியியல் முதுகலைப் பட்டம் வாங்கிய முதல் பெண், முதல் கறுப்பினத்தவர், ஆலிஸ் பால். எண்ணெயை உடம்பில் கலக்கும் எஸ்டராக மாற்றினார். 1916 கடைசி நாளில் 24 வயதிலேயே இறந்துபோனார். அவருடைய முறையை ஆர்தர் டீன் என்ற வேறொருவர் அவர் பெயர் சொல்லாமலே வெளியிட்டார். 1922ல் ஹோல்மன் என்ற மருத்துவர்தான் அதை 'பால் முறை' என்று அச்சில் எழுதி நியாயம் செய்தார். நாற்பதுகளில் சல்ஃபோன் மருந்துகள் வரும்வரை தொழுநோயாளிகளுக்கு இருந்த நம்பிக்கை அந்த ஊசிதான்.

இனி நம் சென்னை. கீழாநெல்லி லான்செட் என்ற மருத்துவ இதழில் ஏறியது தெரியுமா? சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழுவும், ஹெபடைட்டிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து 1976ல் நோபல் வாங்கிய பரூக் பிளம்பர்க்கும் சேர்ந்து நடத்திய ஆய்வு. முதலில் சோதனைக் குழாய். அடுத்து, உட்சக் என்ற வட அமெரிக்கக் கொறிவிலங்கு. அதற்கும் இதேபோன்ற வைரஸ் தொற்றுவது வசதியாகப் போயிற்று. பிறகுதான் மனிதர்கள். 1988ல் வெளியான முடிவு உலகையே திரும்பிப் பார்க்க வைத்தது. கீழாநெல்லிப் பொடி சாப்பிட்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் வைரஸின் மேலுறைப் புரதம் மறைந்தது. வெறும் பொடி சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது.

பிறகு தாய்லாந்தில் செய்தார்கள், பலிக்கவில்லை. நியூசிலாந்தில் செய்தார்கள், அங்கும் பலிக்கவில்லை. செடி வேறா, மண் வேறா, பறித்த பருவம் வேறா என்று வாதம் நடந்தது. தென்னிந்திய நாட்டுமருந்துக் கடைகளில் கீழாநெல்லி என்று விற்பதை மரபணு வைத்துப் பார்த்தபோது, ஒன்றுபோல் தோன்றும் பல இனங்கள் கலந்திருந்ததும் தெரிந்தது. எந்தச் செடியைச் சோதித்தோம் என்பதற்குச் சாட்சியாக அதே செடியைக் காயவைத்து ஒட்டி, திருச்சி புனித வளனார் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியம் போன்ற இடங்களில் வைப்பது இதற்காகத்தான். இன்றைய நிலவரம்: மஞ்சள் காமாலை வைரஸுக்குக் கீழாநெல்லி மருந்து என்று நிரூபணமாகவில்லை. கல்லீரல் கோளாறு என்றால் ரத்தப் பரிசோதனையும் மருத்துவரும்தான். ஹெபடைட்டிஸ் பி வராமல் தடுக்க நல்ல தடுப்பூசி இருக்கிறது. ஆனால் நம் ஊர்ச் செடியை நம் ஊர் விஞ்ஞானிகள் உலகின் கடுமையான பரீட்சைக்குத் துணிந்து அனுப்பினார்களே, அந்தத் துணிச்சலை நான் கொண்டாடுவேன்.

நிலவேம்புக் குடிநீரிலும் இதே பாடம் இருக்கிறது. நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை, சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் என்று ஒன்பது சரக்கு. டெல்லி ஆய்வுக்கூடம் ஒன்றில் வளர்ப்பு உயிரணுக்களில் டெங்கு, சிக்குன்குன்யா வைரஸ்களுக்கு எதிராக வேலை செய்தது. ஆனால் அங்கே சோதித்தது எத்தனால் வடிசாறு, நாம் குடிப்பது தண்ணீரில் காய்ச்சியது. தண்ணீரில் இறங்கும் சத்து வேறு, எத்தனாலில் இறங்குவது வேறு. பற்படாகம் என்ற பெயரே தமிழ்நாட்டில் ஒரு செடிக்கும் கேரளத்தில் இன்னொன்றுக்கும் வழங்குகிறது!

இன்னும் இரண்டு செடிகளைச் சொல்லிவிடுகிறேன். முருங்கை விதை கலங்கல் தண்ணீரைத் தெளியவைக்கும் என்று சூடான் நாட்டுப் பெண்களுக்கு நெடுங்காலமாகத் தெரியும். அதிலுள்ள புரதம் நேர்மின்னூட்டம் கொண்டது, கிருமியின் மேலுறை எதிர்மின்னூட்டம் கொண்டது. ஒட்டிக்கொண்டு உறையையே குலைத்துவிடுகிறது. அரபு நாடுகளில் பல் துலக்கும் மிஸ்வாக் குச்சி, நம் உகா மரம், தட்டைத் தொடாமல் மேலே தொங்கவிட்டாலே வாய்க் கிருமிகளை அடக்கியது. ஆவியாகும் பென்சைல் ஐசோதயோசயனேட்தான் காரணம்.

மூலிகை என்றால் கெடுதல் இல்லை என்று நினைப்பவர்களுக்கு ஒரு சேதி. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்க மூலிகை மாத்திரை சாப்பிட்ட நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் கெட்டது. ஒரு சீன மூலிகைக்குப் பதில் அரிஸ்டோலோக்கியா என்ற வேறு மூலிகை தவறுதலாகக் கலந்துவிட்டிருந்தது. அதன் அமிலம் புற்றுநோயும் தரும். நம் ஊர் ஆடுதின்னாப்பாளையும் அதே பேரினம்தான்! கிருமியைக் கொல்கிறதா என்று பார்க்கும் அதே மேசையில் மனித உயிரணுவை என்ன செய்கிறது என்றும் பார்த்தாக வேண்டும். ஆர்டிமிசினின் தந்த செடியின் இலையைக்கூடத் தேநீராகப் போட்டு மலேரியாவுக்குக் குடிக்க வேண்டாம் என்றுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அளவு நிற்காது, குறைந்த அளவில் தப்பிக்கும் கிருமி மருந்துக்குப் பழகிவிடும்.

உங்கள் வீட்டில் பாட்டியோ, அத்தையோ, ஊர் வைத்தியரோ புண்ணுக்கும் காய்ச்சலுக்கும் ஏதாவது செய்கிறார்களா? இந்த வாரமே பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொள்ளுங்கள். செடியின் பெயரோடு நிறுத்தாதீர்கள். வேரா, இலையா, பட்டையா? பச்சையா, உலர்ந்ததா? அம்மியா, உரலா? மண்சட்டியா, செம்பா? எத்தனை நாழிகை, தண்ணீரிலா எண்ணெயிலா, எந்த மாதம் பறித்தது? பூவோடு ஒரு கிளையைச் செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து அழுத்திக் காயவைத்து, பறித்த இடமும் தேதியும் எழுதி, பக்கத்துக் கல்லூரியின் தாவரவியல் துறையில் கொடுங்கள். அதுவரை, மருத்துவர் எழுதிக்கொடுத்த ஆன்டிபயாடிக்கை மட்டும் பாதியில் நிறுத்தாதீர்கள்.